கேத்தலிலும் குழாய்களிலும் வெண்படிவு: வீடு முழுவதற்கும் மென்னீராக்கும் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி – உப்புவெளியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நீர் வழங்கல் சபையின் இணைப்பும் உண்டு, வளவில் குழாய்க்கிணறும் உண்டு. செலவைக் குறைப்பதற்காகக் கிணற்று நீரையும் மோட்டரால் ஏற்றி, இரண்டையும் கூரைமேலுள்ள ஒரே தாங்கியில் சேர்த்துப் பாவிக்கிறோம்.

சில காலமாக எல்லாக் குழாய்களின் வாயிலும் வெண்ணிறப் படிவு ஏறுகிறது. கேத்தலின் அடியில் கட்டிய படை, தேத்தண்ணீர் ஊற்றும்போது செதில் செதிலாகக் கழன்று கோப்பைக்குள் விழுகிறது. ஷவரின் துளைகளில் பாதி அடைபட்டு, மிஞ்சியவற்றிலிருந்து நீர் கோணலாகச் சுவரை நோக்கிப் பாய்கிறது. சவர்க்காரம் நுரைப்பதில்லை, பருப்பு அவிய நெடுநேரம் எடுக்கிறது, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் எப்படித் துவைத்தாலும் மங்கி மொரமொரப்பாகிவிடுகின்றன. இப்போது சுடுநீர் ஹீட்டரும் சூடேறும்போது கடகடவென்று சத்தமிடத் தொடங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்த விற்பனை முகவர் ஒருவர், உப்பு இட்டு இயக்கும் மென்னீராக்கும் கருவியை முழு வீட்டுக்கும் பூட்டினால் எல்லாம் தீரும் என்கிறார். அவர் சொல்லும் விலை எங்களுக்குப் பெரியது. அத்துடன் என் மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அந்த நீரை அவர் குடிக்கலாமா என்பதும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் – குழாய்வேலை செய்பவர், திருகோணமலை நகரம்

சகோதரி, கருவியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் எந்த நீர் இந்தப் படிவைக் கொண்டுவருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். இரண்டு நீரும் ஒரே தாங்கியில் கலக்கும்வரை அதை யாராலும் சொல்ல முடியாது. நகரத்துக்கு வரும் குழாய் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. குளத்து நீர் பொதுவாக நிலக்கீழ் நீரைவிட வன்மை (கல்சியம், மக்னீசியம் கரைந்திருக்கும் தன்மை) குறைந்ததாகவே இருக்கும். ஆகவே எனக்குச் சந்தேகம் உங்கள் குழாய்க்கிணற்றின் மேல்தான். ஆனாலும் சோதிக்காமல் அதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

தாங்கியை வெறுமையாக்கி, அடியில் தேங்கிய மண்டியைக் கழுவி, கிணற்று மோட்டரைச் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். கேத்தலைச் சுத்தமாக்கி, சபை நீரை மட்டும் அதில் கொதிக்கவைத்து வாருங்கள். படை மீண்டும் அதே வேகத்தில் கட்டுகிறதா என்பதைக் கேத்தலே காட்டிவிடும்.

ஹீட்டரின் சத்தத்தைப் பொறுத்தவரை, சூடாக்கும் தண்டின்மேல் படிந்த சுண்ணப்படைக்குள் அகப்பட்ட நீர் கொதித்து வெடிப்பதால்தான் அந்த ஒலி வருகிறது. படை தடிக்கத் தடிக்க வெப்பம் நீருக்குப் போகாமல் தண்டிலேயே தங்கி, மின்கட்டணம் ஏறி, கடைசியில் தண்டு எரிந்துபோகும். வெப்பநிலையை 60 பாகைக்கு மேல் வைத்திருந்தால் இன்றே குறைத்துவிடுங்கள், ஏனெனில் சூடு கூடினால் படிவும் கூடும்.

பதில் – ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

மேலே சொன்னவரின் ஆலோசனை சரியானது. அதற்குத் துணையாக வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பதுதான் இது.

ஒரே அளவான மூன்று தெளிவான போத்தல்களை எடுங்கள். ஒன்றில் மழைநீர், அது இல்லையென்றால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர். இரண்டாவதில் மீற்றருக்கு அடுத்துள்ள குழாயில், அதாவது தாங்கிக்குப் போகுமுன், பிடித்த சபை நீர். மூன்றாவதில் கிணற்று நீர். சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி வடித்த நீரில் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரே எண்ணிக்கையான துளிகளை மூன்றிலும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். சலவைத்தூள் பாவிக்க வேண்டாம். அது வன்னீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும். மென்னீரில் நுரை எழுந்து நிற்கும். வன்னீரில் நுரைக்குப் பதிலாக, திரைந்த பால் போல வெண்படிவு மிதக்கும். கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறுவதே அதன் காரணம். உங்கள் சீருடைகளில் ஒட்டி அவற்றை மங்கச் செய்வதும் அதுதான்.

பின்னர் கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை இறுத்து மறுபடியும் சோதியுங்கள். நுரை கூடினால் உங்கள் நீரில் இருப்பது பெரும்பாலும் தற்காலிக வன்மை. நிலத்தடியில் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைந்திருப்பது, சூடேறியதும் காபனீரொட்சைட்டை இழந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகக் கேத்தலில் படிகிறது. நம் கரையோர மணலில் சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவையும் கல்சியம் காபனேற்றுத்தான். நுரையில் மாற்றமே இல்லையென்றால் அது சல்பேற்று, குளோரைட்டு முதலியவற்றால் வரும் நிலையான வன்மை. அதைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது.

பருப்பு அவியாததும் இதனோடு சேர்ந்த விடயம். நீரிலுள்ள கல்சியம் பருப்பின் கலச்சுவரிலுள்ள பெக்ரினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. முதலில் கொதித்து ஆறிய நீரிலோ மழைநீரிலோ ஊறவிட்டு அவித்துப் பாருங்கள்.

மீண்டும் கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தோம். சபை நீரில் நுரை நன்றாக எழுந்தது. கிணற்று நீரில் வெண்திரை மட்டுமே மிதந்தது. கொதிக்கவைத்த கிணற்று நீரில் ஓரளவு நுரை வந்தது. ஆய்வுகூடத்துக்கும் ஒரு மாதிரியைக் கொடுத்தோம். கிணற்று நீரின் மொத்த வன்மை அனுமதிக்கப்பட்ட அளவின் ஏறத்தாழ இருமடங்கு என்று அறிக்கை வந்திருக்கிறது. இந்த நீரைக் குடித்ததால் சிறுநீரகத்துக்கு ஏதும் வருமோ என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பதில் – ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

பயப்படாமல் அறிக்கையை முழுவதுமாக வாசியுங்கள். குடிநீருக்கான இலங்கைத் தர நியமம் 614, மொத்த வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வகுக்கவில்லை. உலர்வலயக் கிராமங்களில் பரவிய சிறுநீரக நோய்க்கு வன்னீரையும் ஒரு காரணியாக ஆய்வாளர்கள் பேசினாலும், அதன் மூலகாரணம் இன்னும் அறுதியிடப்படவில்லை. நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியவை புளோரைட்டும் குளோரைட்டும். நம் நியமத்தின்படி புளோரைட்டு 1 மில்லிகிராமையும் குளோரைட்டு 250 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. இரண்டையும் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

மாமியாரைப் பற்றிக் கேட்டீர்கள். உப்பு இட்டு இயக்கும் கருவி கல்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. ஒரு லீற்றர் நீரில் 100 மில்லிகிராம் வன்மையை நீக்கும்போது ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம் சேரும். உங்கள் கிணற்று நீரில் 500 அளவு வன்மை இருந்தால், இரண்டு லீற்றர் குடிப்பவருக்கு நாளொன்றுக்கு 460 மில்லிகிராம் மேலதிகமாகப் போய்ச் சேரும். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆகவே அந்தக் கருவியின் நீரை அவருக்குக் குடிக்கக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

பதில் – நிலாவெளியிலிருந்து

கடலுக்குக் கிட்ட உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயில் காலத்தில் கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உள்ளே ஏறும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் முதல் மழையைக் கூரையைக் கழுவிப் போகவிட்டு, பின்னர் வருவதைச் சேமியுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 1000 லீற்றர் நீர் விழுகிறது. துவைப்பதற்கும் பருப்பு அவிப்பதற்கும் அதைவிட நல்ல நீர் கிடையாது. நுளம்பு புகாமல் தாங்கியை இறுக மூடிவையுங்கள்.

பதில் – குழாய்வேலை செய்பவர், திருகோணமலை நகரம்

காரணம் தெரிந்துவிட்டதால் பெரிய கருவி உங்களுக்குத் தேவையில்லை. சிறிய தாங்கி ஒன்றை வாங்கி, கிணற்று நீரை அதற்குத் திருப்பி, மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும் விடுங்கள். பழைய தாங்கியில் சபை நீரை மட்டும் ஏற்றி, சமையலறை, ஷவர், ஹீட்டர், சலவை இயந்திரம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். இரண்டு குழாய்வழிகளையும் ஒரு வால்வை மட்டும் இடையில் வைத்து இணைக்கவே வேண்டாம். வால்வு கசிந்தால் கிணற்று நீர் சபையின் குழாய்க்குள் பின்னோக்கிப் போகும்.

கேத்தலையும் ஷவர் தலையையும், வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து ஒரு மணிநேரம் ஊறவிட்டால் படை இளகிவிடும். பளிங்கிலும் சீமெந்து நிலத்திலும் அது சிந்தக்கூடாது, அவற்றையும் அரித்துவிடும். வினாகிரியையோ வேறு அமிலத்தையோ பிளீச்சிங் தூளோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஹீட்டருக்கு மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஊற்றச் சொல்வோர் உண்டு. தாங்கியின் உலோகமே ஓட்டையாகும், கேட்காதீர்கள். பிரேக்கரை நிறுத்தி, நீரை வடித்து, தண்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக்க வேண்டும். தாங்கி துருப்பிடிக்காமல் காக்க உள்ளேயிருக்கும் மக்னீசியத் தண்டு கரைந்து கம்பி தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஆனால் இதை நீரைப் பிரித்த பின்னரே செய்யுங்கள். இல்லையென்றால் சுத்தமாக்கிய தண்டிலும் அதே படை ஏறிவிடும்.