மாரத்தான் பாதை அளவீட்டுக் கணக்கு: நோட்டை விட்டுவிட்டுச் செயலிக்கு மாறலாமா?

தெருநிரல்:
சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் (சக்கரம் சுழலச் சுழல எண் ஏறும் சிறு கருவி) மாட்டிப் பாதை அளக்கிறவர்களில் பலர் இன்னும் எண்களை நோட்டில்தான் எழுதுகிறார்கள். வீட்டுக்கு வந்து எக்ஸெலில் ஏற்றி, அப்புறம் அறிக்கையைத் தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஒரே எண்ணை மூன்று முறை கையால் எழுதினால் 88,412 எங்கோ ஓரிடத்தில் 88,142 ஆகிவிடும். கிலோமீட்டருக்குச் சுமார் 11,000 எண்ணிக்கை என்றால், அந்த ஒரு தவறே 24 மீட்டருக்கு மேல். செயலி இருந்தால் நின்ற இடத்திலேயே எண்ணைப் பதிந்து, கவுண்டரைப் படமும் எடுத்துவிடலாம். முந்தைய புள்ளியோடு ஒத்துவராத எண்ணை அது அங்கேயே சுட்டிக்காட்டும். என் கருத்து, நோட்டை விட்டுவிடலாம்.

பழையசைக்கிள்:
தம்பி, வெயிலில் திரை தெரியாது, வியர்வைக் கைக்குத் தொடுதிரை மசியாது என்பதெல்லாம் சின்ன விஷயம். என் பயம் வேறு. செயலி விடையைக் காட்டும், விடைக்கு வந்த வழியைக் காட்டாது.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குக் கவுண்டர் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ள, ஸ்டீல் டேப்பால் அளந்த 400 மீட்டர் நேர்சாலையில் நான்கு முறை ஓட்டுகிறோம். சராசரி 4,400 எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 11,000. பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அதை 1.001ஆல் பெருக்குகிறோம், 11,011 ஆகிறது. 42.195 கிலோமீட்டருக்கு 4,64,609. அந்த 1.001ஐ விட்டுவிட்டால் 42 மீட்டர் பாதுகாப்பு போச்சு. நோட்டில் எழுதுகிறவர் 11,000, 11,011 இரண்டையும் தன் கையால் எழுதுகிறார், விட்டுப்போனால் கண்ணில் படும். செயலிக்குள் அந்தப் பெருக்கல் நடந்ததா, இரண்டு முறை நடந்ததா என்று நீங்கள் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

தெருநிரல்:
அண்ணா, மறைவது பற்றிச் சொன்னால் எக்ஸெல்தான் மோசமானது. யாரோ எப்போதோ செய்த ஷீட்டை எல்லோரும் நகலெடுத்து ஓட்டுகிறோம். டேப் திருத்தத்தையே பாருங்கள். ஸ்டீல் டேப்பின் அளவு 20 டிகிரிக்கு உரியது. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0000115 பங்கு நீளும். 35 டிகிரி வெயிலில் 400 மீட்டர் என்று டேப் காட்டினால் உண்மையான நீளம் 7 சென்டிமீட்டர் கூடுதல். அந்தக் கட்டத்தில் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் குறி இருந்தால் பிழை 14 சென்டிமீட்டர் ஆகும், மாரத்தானுக்கு அது 14.5 மீட்டர். சென்னை மாதிரி ஊரில் பாதை அவ்வளவு நீண்டுவிடும், குளிர்நாட்டில் அதே ஷீட் பாதையைக் குறைத்துவிடும். எத்தனை பேர் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கிறார்கள்? செயலியில் ஒருமுறை திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும்.

பழையசைக்கிள்:
ஒருமுறை தவறினால் எல்லோருக்கும் தவறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரைமாரத்தான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வெறும் ஓட்டக்காரன். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர்தான், என் கைக்கடிகாரம் எப்போதும் 21.3, 21.4 காட்டுகிறது. செயலி எழுதுவதென்றால் ஜிபிஎஸ் வைத்தே அளந்துவிடலாமே, சைக்கிள் எதற்கு?

பழையசைக்கிள்:
பரவாயில்லை, கேட்கவேண்டிய கேள்விதான். ஜிபிஎஸ் புள்ளி ஒவ்வொன்றும் சில மீட்டர் தள்ளி விழும். புள்ளிகளை இணைத்தால் கோடு வளைந்து வளைந்து போகும், தூரம் கூடிவிடும். இரண்டாவது, நீங்கள் கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறீர்கள். நாங்கள் அளப்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டை, வளைவுகளில் நடைபாதை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டரில். உங்கள் கடிகாரம் கூடுதலாகக் காட்டுவதால் பாதை தவறு என்று ஆகாது.

பாதை உண்மையிலேயே குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் மாரத்தான் இருக்கிறது. 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் 380 மீட்டர் குறைவு. 2016இல்தான் வெளியே வந்தது. மூன்று ஆண்டும் ஓடியவர்களின் நேரம் செல்லாமல் போனது. நாம் சேர்க்கும் 42 மீட்டர், 380ஐ எப்படிக் காப்பாற்றும்? அதனால்தான் மூல எண்கள் அறிக்கையில் அப்படியே இருக்க வேண்டும் என்று கத்துகிறேன். வேறொருவர் அவற்றை வைத்து முதலிலிருந்து கணக்குப் போட முடிய வேண்டும்.

தெருநிரல்:
அதே 2016இல் கிளாஸ்கோவில் நடந்ததையும் சொல்லுங்கள் அண்ணா. கிரேட் ஸ்காட்டிஷ் ரன் அரை மாரத்தான் 149.7 மீட்டர் குறைவு. கேலம் ஹாக்கின்ஸ் ஓடிய ஸ்காட்லாந்து சாதனை போய்விட்டது. அங்கே சைக்கிள் கணக்கு தவறவில்லை. அளந்த பாதை ஒன்று, அன்றைக்குச் சாலையில் போட்ட பாதை கொஞ்சம் வேறு. அளந்தவர் மனதில் இருந்தது தடுப்பு வைக்கிற பையன் கைக்கு முழுசாகப் போய்ச் சேராவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் படம், வரைபடத்தில் புள்ளி, கோன் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு, இதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் போட்டியன்று காலையில் யாரும் போனில் திறந்து சரிபார்க்கலாம். நோட்டில் கிறுக்கிய படத்தை யாரிடம் கொடுப்பீர்கள்?

பழையசைக்கிள்:
படம் விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. திருப்பப் புள்ளியைப் படமில்லாமல் எழுதுகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் வரைபடப் புள்ளியை நம்பிக் கோன் வைத்தால், போன் சொல்லும் இடமே நான்கைந்து மீட்டர் தள்ளியிருக்கும். போய்த் திரும்பும் இடத்தில் அது இரட்டிப்பு. "இந்த எண்ணுள்ள மின்கம்பத்திலிருந்து தெற்கே 3.40 மீட்டர்" என்று டேப் வைத்து அளந்து எழுதிய வரிதான் தேவை. உங்கள் செயலியில் அதற்குக் கட்டாயக் கட்டம் உண்டா?

உயரமும் அப்படித்தான். சாதனைக்குத் தகுதி பெற, புறப்பாட்டிலிருந்து முடிவுவரை கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது. 2011இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02இல் ஓடியும் உலக சாதனையாகாமல் போனதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம். போனின் ஜிபிஎஸ் உயரத்தை அறிக்கையில் தானாக நிரப்பினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தெருநிரல்:
கட்டாயக் கட்டம் வைக்கலாம், உயரத்தைக் கையால் நிரப்பவும் விடலாம். நான் கேட்பது வேறு. ஐந்து இலக்கக் கவுண்டர் 99,999க்கு அப்புறம் 00000க்குத் திரும்பும். ஒரு மாரத்தானில் நான்கு முறையாவது அப்படிச் சுழலும். விடியலில் களைத்துப்போய் நோட்டில் எண்களைக் கழித்துப் பார்க்கிறவருக்கு அது எவ்வளவு சுலபமாகத் தவறும்? காலையில் குளிர்ந்த டயர், அளந்து முடிக்கையில் சூடேறிக் காற்று விரிந்த டயர், அதனால்தான் பாதையை அளக்கும் முன்னும் பின்னும் அந்த 400 மீட்டரில் நான்கு நான்கு ஓட்டம். இந்த எட்டு எண்ணில் ஒன்று மட்டும் விலகியிருந்தால் இடத்தை விட்டுக் கிளம்பும்முன் தெரிய வேண்டாமா? நோட்டு அதை வீட்டில்தான் சொல்லும். அப்போது சாலையில் பேருந்து ஓடத் தொடங்கியிருக்கும்.

பழையசைக்கிள்:
இது நியாயமான வாதம். எட்டு ஓட்டத்தை அங்கேயே ஒப்பிட்டுக் காட்டுவது எனக்கும் வேண்டும்.

அரைமாரத்தான்:
இரண்டு பேர் சேர்ந்து அளந்தால் ஒருவர் நோட்டு, ஒருவர் செயலி என்று வைக்கலாமே?

தெருநிரல்:
சம்மதம். ஆனால் முடியும்வரை ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது.

பழையசைக்கிள்:
இன்னொன்றும் வேண்டும். கடைசி நான்கு ஓட்டத்தின் எண்களை நோட்டில் எழுதி முடிக்கும்வரை செயலி பாதையின் நீளத்தைச் சொல்லக் கூடாது. விடை 42.19 என்று திரையில் மின்னிய பிறகு, அதற்கு ஒத்துவராத எண்ணைக் கவுண்டரில் மறுபடி பார்த்து எழுத மனித மனம் லேசில் ஒத்துக்கொள்ளாது. அதைச் செய்துவிட்டு வாருங்கள், அடுத்த அளவீட்டுக்கு என் சைக்கிளோடு வருகிறேன்.