ஏப்ரல் வெயிலில் பாங்காக்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். ஏப்ரல் முதல் வாரம் நானும் என் கணவரும் பாங்காக் போகிறோம். தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரான் தொடங்கும் 13ஆம் தேதிக்கு முன்பே திரும்பிவிடுவோம். ஆண்டிலேயே அங்கே கடும் வெயில் இந்த மாதத்தில்தான். நண்பகலில் 35 டிகிரியைத் தாண்டும். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வெயிலில் நெடுநேரம் நின்றால் தலைசுற்றல் வந்துவிடும். எனக்கு அதுதான் கவலை.

கிராண்ட் பேலஸ் அரண்மனை காலை 8.30 மணிக்குத் திறக்கிறது. திறந்ததும் உள்ளே இருக்கும் மரகத புத்தரைத் தரிசித்துவிட்டு, அப்படியே வாட் போ கோயிலுக்குப் போய் 46 மீட்டர் நீளச் சயன புத்தரையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே காலையில் இரண்டும் முடியுமா? அரண்மனைக்குள் நிழலில் உட்கார இடம் உண்டா? தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதால் மெல்லிய பருத்திச் சேலை கட்டலாமா? இடுப்பு தெரிந்தால் தடுப்பார்களா? கட்டிப் போனவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

நண்பகலில் அறைதான், அதில் மாற்றமில்லை. மாலையில் தா தியென் துறையிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயில். சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் போக வேண்டும். ரயிலிலிருந்து இறங்கி அதிகம் நடக்காமல் போக எது வசதி?