வீட்டுக்குள் சோர்ந்த மிளகாய், கத்தரி நாற்றுகளைத் தேற்றுவது: ரொறன்ரோப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பிராம்டன் (கேள்வி)

வணக்கம். வீட்டுக்குள்ள விதை போடுறது இதுதான் முதல் தடவை. நிலக்கீழ் அறையில 72 குழித் தட்டு, பாதி பச்சை மிளகாய், பாதி நீளக் கத்தரி. மார்ச் நடுவில போட்டது. அடியில வெப்ப விரிப்பு, மேல இரண்டரை அடி உயரத்தில நாலடி எல்.ஈ.டி. குழல் விளக்கு. முளைப்பு நல்லா வந்தது. இப்ப தண்டெல்லாம் மெலிஞ்சு நீண்டு சாயுது, வித்திலை (முளைக்கேக்க முதல் வாற சோடி இலை) வெளிறிப்போச்சு. கத்தரியில அஞ்சாறு, மண்ணோடு சேர்ற இடத்தில கறுத்து மடிஞ்சு விழுந்திட்டு. ஒவ்வொரு நாள் காலையும் தண்ணி தெளிக்கிறன், மூடியும் போட்டிருக்கு. 20-20-20 உரம் ஒரு தேக்கரண்டி 4 லீற்றரில கரைச்சு ஒருக்கா விட்டாச்சு. மிச்சத்தைக் காப்பாத்தலாமோ?

ஸ்காபரோ

காப்பாத்தலாம் தம்பி. ஆனால் விழுந்தது எழும்பாது. அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரியான, பூஞ்சணமும் அதைப் போன்றதுமான கிருமிகள் தண்டின் அடியைத் தின்னுது. அடி நூல் மாதிரி சுருங்கிக் கறுத்திட்டால் தண்ணி மேலே ஏற வழியில்லை. அந்தக் குழிகளை மண்ணோட சேர்த்துக் கரண்டியால் தோண்டி எடுத்துக் குப்பையில போடுங்கோ. கம்போஸ்ட் தொட்டியில போட வேண்டாம்.

அடுத்தது மூடி. முதல் முளை தலை காட்டின உடனேயே அது போயிருக்க வேணும். இப்ப ஒரேயடியாத் தூக்காதேங்கோ. சூடாக்கி ஓடுற வீட்டுக் காத்து மார்ச், ஏப்ரலில எலும்பு மாதிரிக் காஞ்சு கிடக்கும், மூடிக்குள்ள வளர்ந்த இலை அரை நாளில வதங்கும். ஒரு பக்கம் இரண்டு விரல் அளவு உயர்த்தி ஒரு நாள் விடுங்கோ, அடுத்த நாள் பாதி, மூண்டாம் நாள் முழுசா எடுங்கோ. எடுத்த பிறகு சின்ன மேசை விசிறி ஒன்றை 4 அடி தள்ளி வைத்து, மெல்லிய வேகத்தில விடுங்கோ. இலை லேசா நடுங்கினால் போதும், தண்டு வளையக் கூடாது. மண்ணின் மேல்தோல் காயும், தண்டும் தடிக்கும்.

கறுவாத்தூள் தூவச் சொல்லிப் பலர் சொல்லுவினம். மேல் படியிற பூஞ்சணத்தைக் கொஞ்சம் அடக்கும். மண்ணுக்குள்ள வேரைப் பிடிச்சதுக்கு அது எட்டாது. ஈரத்தைக் குறைக்காமல் கறுவா தூவி ஒரு பலனும் இல்லை.

மிசிசாகா

தண்டு நீளுவதற்குக் காரணம் விளக்கின் உயரமும் அடிச்சூடும் சேர்ந்தது. வெப்ப விரிப்பு முளைப்பதற்கு மட்டும்தான். மிளகாய், கத்தரி விதைக்கு மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வேண்டும். முளைத்த பிறகு பகலில் 21-24, இரவில் 18 பாகை இருந்தால் நன்றாக வளரும். வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் செடி நெட்டையாகத்தான் ஓடும். உங்கள் நிலக்கீழ் அறை இரவில் 16 பாகைக்குக் கீழே இறங்கினால் மட்டும் விரிப்பை இரவில் போடுங்கள், இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி விடலாம்.

விளக்கை இன்றைக்கே இறக்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண நாலடி வெள்ளைக் குழல் என்றால் இலை நுனியிலிருந்து 4 முதல் 6 அங்குலம். செடி வளர்ப்புக்கென்றே வரும் 100 வாட் பலகை விளக்கு என்றால் 18 அங்குலத்துக்கு மேலே வைத்து, ஒளியைக் குறைத்து ஆரம்பிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் லக்ஸ் (வெளிச்ச அளவு) அளக்கும் செயலியை இறக்கி, இலை உயரத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 3,000 எங்கே 14,000 எங்கே என்று தெரியும். வெள்ளை எல்.ஈ.டி.யில் 14,000 லக்ஸ் என்பது, செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் கணக்கில், சதுர மீற்றருக்கு வினாடிக்கு ஏறக்குறைய 200 மைக்ரோமோல். அதை 16 மணி நேரம் கொடுத்தால் ஒரு நாளைக்கு 11.5 மோல் ஒளி சேரும், நாற்றுக்குத் தாராளம். 24 மணி நேரமும் எரிய விடாதீர்கள். நேரம் வைக்கும் சுவிட்ச் மலிவுதான், காலை 6 மணிக்கு ஏற்றி இரவு 10 மணிக்கு அணைத்தால் முடிந்தது.

இறக்கியபின் இரண்டு நாள் கவனியுங்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால், அல்லது நுனிக் குருத்து வெளுத்தால், 2 அங்குலம் ஏற்றுங்கள். ஏற்கெனவே நீண்ட தண்டு குட்டையாகாது. இனி வரும் கணுக்கள் நெருங்கி வருகிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

மார்க்கம்

உரத்தைப் பற்றி. தேக்கரண்டிக்குச் சுமார் 5 கிராம் என்று வைத்தால் 4 லீற்றரில் லீற்றருக்கு 1.25 கிராம், உரத்தில் நைதரசன் 20 சதவீதம் என்பதால் அது மட்டும் 250 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 250 பங்கு). உண்மை இலை (வித்திலைக்குப் பிறகு வரும் இலை) விரியாத நாற்றுக்கு இது மிகக் கூட. வித்திலையில் இருக்கிற சேமிப்பே முதல் 10 நாளைக்குக் காணும். ஆகவே கழுவி விடுங்கள்: ஒரு குழிக்கு ஏறக்குறைய 40 மில்லி மண், அதற்கு இரண்டு மடங்கு, 80 மில்லி வெறும் தண்ணி மெல்ல ஊற்றி அடியால் வடிய விட்டால் உப்பு போய்விடும்.

மிசிசாகா

இந்த இடத்தில் மட்டும் மறுக்கிறேன் அண்ணா. அழுகல் வந்த தட்டில் இப்போது 80 மில்லி ஊற்றினால் உப்பு போகும், கூடவே மீதிச் செடியும் போகும். ஒரே ஒரு தடவை விட்ட உரம் கொல்லாது. இலை நுனி பழுப்பாகக் கருகியிருந்தால், அல்லது மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் மட்டும் கழுவலாம். இவர் சொல்வது வெளிறல், கருகல் இல்லை. தட்டைக் காயவிட்டு, அடுத்த இரண்டு தண்ணீரும் உரமில்லாமல் கொடுத்தால் போதும்.

மார்க்கம்

சரி, அழுகல் இருக்கும்வரை அது நியாயம்தான். நாற்று தேறின பிறகு உரம் தொடங்கும்போது லீற்றருக்கு கால் கிராம், அதாவது 50 பி.பி.எம்., வாரத்துக்கு ஒருக்கா. முதல் சோடி உண்மை இலை முழுதாக விரிந்த பிறகுதான்.

ஸ்காபரோ

தண்ணி விஷயம் ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை, முக்காவாசி நோவும் அதிலதான். நாள்தோறும் தெளிக்கிறது மேல் அரை அங்குலத்தை எப்பவும் ஈரமா வைச்சிருக்கும், அடி வேர் காஞ்சே கிடக்கும். பூஞ்சணத்துக்கு அது விருந்து, வேர் கீழே போகவும் தேவை வராது.

தட்டைக் கையில தூக்கிப் பாருங்கோ. நல்லா நனைஞ்ச தட்டின் பாரத்தையும் காஞ்ச தட்டின் பாரத்தையும் கை ரெண்டு தரத்தில பழகிவிடும். மேல்மண் நிறம் வெளிறி, பாரம் பாதியாக் குறைஞ்ச பிறகு மட்டும் தண்ணி. அதுவும் மேலால வேண்டாம்: அடித்தட்டில ஒரு அங்குலம் தண்ணி விட்டு, குழித்தட்டை 20 நிமிசம் அதுக்குள்ள வையுங்கோ. மேல்மண் கறுக்கத் தொடங்கினதும் எடுத்து, மிச்சத் தண்ணியை ஊத்திப் போடுங்கோ. ஒரு நாளும் தேங்க விடக் கூடாது. பீற் (சதுப்பு நிலப் பாசி மக்கின தூள்) கலவை ஒருக்கா மிதமிஞ்சிக் காஞ்சால் ஓரத்தில சுருங்கி விலகும், மேலால ஊத்துற தண்ணி அந்த வெடிப்பாலேயே ஓடிப்போகும். அதுக்கும் அடிவழியா ஊற வைக்கிறதுதான் வழி.

குழாய்த் தண்ணி ஏப்ரலிலயும் பனிக்கட்டிக் குளிர். அறைச் சூட்டுக்கு வரும்வரை வாளியில வைச்சிருங்கோ. ரொறன்ரோவில தண்ணியில கிருமி கொல்லக் குளோராமின் போடுறபடியால், இரவு முழுக்கத் திறந்து வைச்சாலும் அது ஆவியாகாது. ஆனால் குடிக்கிற அளவில அது நாற்றைக் கெடுக்காது, பயப்பிட வேண்டாம். வீட்டில தண்ணி மென்மையாக்கும் கருவி இருந்தால்தான் கவனம்: அந்தத் தண்ணியில சோடியம் கூட. அதைத் தாண்டி நேரே வாற குழாயில, பெரும்பாலும் வெளிக் குழாயில அல்லது சமையலறைக் குளிர்க் குழாயில, பிடியுங்கோ.

ஓக்வில்

தெம்பு வந்த பிறகு மாற்றி நடுவதைப் பற்றி. இரண்டு உண்மை இலை விரிந்து, வேர் குழியின் அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் மூன்றரை அங்குலச் சட்டிக்கு மாற்றலாம். வாடி நிற்கும்போது மாற்றாதீர்கள், பலர் காப்பாற்றும் அவசரத்தில் அதைத்தான் செய்கிறார்கள். விளக்கு, தண்ணீர், சட்டி, உரம் நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. விளக்கும் தண்ணீரும் முதலில், ஐந்து நாள் பொறுத்து மற்றவை.

தக்காளியைக் கழுத்துவரை புதைத்தால் தண்டு முழுக்க வேர் விடும். மிளகாயும் கத்தரியும் அப்படித் தாராளமாக வேர் விடாது. நெட்டையான மிளகாய் நாற்றை வித்திலைக்கு அரை அங்குலம் கீழே வரை இறக்கலாம், அது தாங்கு கொடுப்பதற்குத்தான். அதற்கு மேல் புதைத்தால் ஈரமண்ணில் தண்டு அழுகும். சாய்வது நிற்கவில்லையென்றால் பல் குத்தும் குச்சி ஒன்றை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

கலவை: பீற் அல்லது தேங்காய் நார்த்தூள் மூன்று பங்கு, பெர்லைட் (பொரிந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு. நார்த்தூள் கட்டியென்றால் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழியுங்கள், மலிவான கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். நார்த்தூள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கால்சியம்-மக்னீசியம் கலந்த உரம் சிறிதளவு சேர்க்க வேண்டியிருக்கும். வெளியில் தோட்டத்தில் எடுத்த மண் வேண்டவே வேண்டாம், அது சட்டியில் இறுகும், நோயும் கூடவே வரும். நாற்றைத் தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

ஒரு குழியில் இரண்டு முளைத்திருந்தால் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அறுந்து வரும்.

பிராம்டன்

கறுப்பா, கொசுவை விடச் சின்னப் பூச்சி தட்டுக்கு மேல பறக்குது. அதுவும் இதாலயோ?

ஏஜக்ஸ்

ஈரமண்ணில் வளரும் பூஞ்சை ஈ. பறக்கிறது கடிக்காது, செடியையும் தின்னாது. மண்ணுக்குள் இருக்கிற, கறுத்தத் தலையும் கண்ணாடி உடம்புமான புழுதான் இளவேரைக் கடிக்கிறது. புழு இருக்கோ என்று பார்க்க, உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து இரண்டு நாளில் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை பறக்கிறதைப் பிடிக்கும், அதோடு கூட்டமா குறைவா என்று கணக்கும் காட்டும். புழுவுக்கு, மண்ணின் மேல் அரை அங்குலம் காய்வதுதான் முதல் மருந்து. அதுக்கும் அடங்காவிட்டால் ஸ்டெய்னர்நீமா பெல்டியே என்ற நன்மை செய்யும் நூற்புழு கிடைக்கும், குளிர்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். தண்ணியில் கரைத்து ஈரமண்ணில் விட வேண்டும், ஆகவே அழுகல் நின்ற பிறகு செய்யுங்கள். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சி வரை அறைச் சூட்டில் மூன்று நாலு வாரம் ஓடும், ஒரு தடவையோடு ஒழியாது.

ஸ்காபரோ

கடைசியா, எது பயப்பிட வேண்டியது, எது இல்லை என்றும் சொல்லிவிடுறன். மூண்டு நாலு உண்மை இலை வந்த பிறகு வித்திலை மஞ்சளாகி விழுறது இயல்பு, உங்கட கண்டுக்கு இப்பவே வெளிறுறது நோவு. கத்தரித் தண்டில ஊதா நிறம் அதின் பிறவி நிறம். மிளகாய் இலை அடியில ஊதா தெரிஞ்சால் மண் குளிரோ என்று பாருங்கோ, குளிர்ந்த வேர் பொஸ்பரசை இழுக்காது. உரம் கூட்டித் தீராது. பழைய இலையில வந்த வெளிறலோ சுருக்கமோ அப்பிடியே கிடக்கும். பச்சையா, தட்டையா புது இலை நடுவில வந்தால் கண்டு தேறுது. ஒரு கிழமையாகியும் குருத்து அசையாமல் நின்றால், ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கோ. வெள்ளையெண்டால் பொறுத்திருங்கோ, பழுப்பா, வழுவழுவெண்டு, உரிச்சால் தோல் கழண்டு வந்தால் அந்தக் குழியை விட்டிடுங்கோ.

காலியான குழிகளுக்கு இப்பவே திரும்ப விதை போடலாம், பழைய மண்ணில வேண்டாம். தட்டை சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி ஒன்பது பங்கு கலந்து 10 நிமிசம் ஊறவிட்டு அலசுங்கோ. ஏப்ரல் நடுவில போட்ட கத்தரிகூட யூன் தொடக்கத்தில நடுற பருவத்துக்கு வந்திடும்.

மே பிற்பாதியில வாற விக்டோரியா நாள் விடுமுறையில எல்லாரும் நடுகினம் எண்டு இதுகளையும் வெளியில வைக்காதேங்கோ. அது கோவாவுக்குச் சரி. மிளகாய், கத்தரிக்கு இரவுச் சூடு 12, 13 பாகைக்குக் குறையாமல் தொடர்ந்து நிக்க வேணும், இந்தப் பக்கம் அது பெரும்பாலும் மே கடைசி, யூன் முதல் கிழமை. அதுக்கு 10 நாள் முந்தி, முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, நாலாம் நாளிலிருந்து காலை வெயில் கொஞ்சம். விளக்கில வளர்ந்த இலையை நேரே மத்தியான வெயிலில வைச்சால் ஒரே நாளில வெள்ளைத் திட்டாப் பொசுங்கும். காத்து பலமா அடிக்கிற நாளில வெளியில வைக்க வேண்டாம், அண்டைக்கு உள்ளேயே நிக்கட்டும்.