வயிற்றோட்டம் நின்றும் குடல் அடங்கவில்லை: பற்றீரியாதான் காரணமா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
முந்தின மாரியில் வெள்ளநீர் கிணற்றில் கலந்து, வீட்டில் நால்வருக்கும் வயிற்றோட்டம் கண்டது. மற்ற மூவரும் ஒரு கிழமையில் தேறிவிட்டார்கள். எனக்கோ இன்றுவரை சாப்பிட்ட அரைமணிக்குள் வயிறு ஊதி முறுக்குகிறது. இரத்தப் பரிசோதனையும் கொலனொஸ்கோப்பியும் பார்த்துவிட்டு, ஐ.பி.எஸ். (பரிசோதனைகளில் புண்ணோ அழற்சியோ தெரியாமலே வயிற்று வலியும் மலப்போக்கு மாற்றமும் தொடரும் குடற்கோளாறு) என்றார்கள். நல்ல பற்றீரியா குறைந்துவிட்டதால் அவை அடங்கிய கப்சூல் எடுக்க வேண்டும் என்கிறார் பாமசிக்காரர். சட்டித் தயிரே போதும் என்கிறார் அம்மா. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கல்லடி வாசகி:
தம்பி, உங்கள் கதைக்கு முன்னுதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு கனடாவின் வோக்கர்ட்டன் நகரில் குடிநீர் மாசடைந்து இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். தொற்றுக்கு ஆளானோரைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு மூன்று வருடங்களின் பின் சுமார் 28 வீதத்தினருக்கும், எட்டு வருடங்களின் பின் சுமார் 15 வீதத்தினருக்கும் ஐ.பி.எஸ். இருந்தது. அதாவது, பலருக்குக் காலப்போக்கில் தணிந்திருக்கிறது. ஆனால் தொற்று நீங்கிய பின்னும் தொடரும் இந்தக் கோளாறுக்குக் குடலிலுள்ள இன்ன பற்றீரியாதான் குற்றவாளி என்று எவரும் கைகாட்டவில்லை.

கல்முனைத் தாதி:
கப்சூலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல், ஐ.பி.எஸ். நோயாளருக்கு அவற்றை ஆய்வுகளுக்குள் மட்டுமே கொடுக்கும்படி பரிந்துரைத்தது. தயிரில் லக்ரோஸ் என்னும் பாற்சீனி மிஞ்சியிருப்பதால் சிலருக்கு அதுவே வயிற்றை ஊதச் செய்யும். இரண்டு மேசைக்கரண்டியோடு தொடங்கிப் பாருங்கள். முதலில் கவனிக்க வேண்டியவை வெங்காயமும் உள்ளியும். அவற்றிலுள்ள ஃபிரக்ரன் என்னும் மாச்சத்து சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உள்ளிப்பற்களை எண்ணெயில் வதக்கி, பற்களை எடுத்துவிட்டுத் தாளித்தால் வாசம் மட்டும் இறங்கும், ஏனெனில் ஃபிரக்ரன் எண்ணெயில் கரையாது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த, இப்படி வாயு உண்டாக்கும் உணவுகளைத் தவிர்க்கும் கட்டுப்பாட்டை நான்கு முதல் ஆறு கிழமைக்கு மேல் நீட்டாமல், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் குடலில் நன்மை தரும் பிபிடோ பற்றீரியாக்களுக்கும் அதே ஃபிரக்ரன்தான் சாப்பாடு. மலத்தில் இரத்தமோ உடல் மெலிவோ கண்டால் உடனே கிளினிக் செல்லுங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
நலமான ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மலமாற்றுச் சிகிச்சை பற்றிய செய்திகளைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2020இல் வெளியான நோர்வே ஆய்வில், தேர்ந்தெடுத்த ஒரேயொரு கொடையாளியின் மலத்தில் 60 கிராம் பெற்றவர்களில் 89 வீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. தம் சொந்த மலத்தையே பெற்றவர்களில் 24 வீதத்தினருக்குத்தான். அதற்கு இரண்டு வருடம் முந்திய டென்மார்க் ஆய்விலோ போலி மருந்து எடுத்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள்.

வாவிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று வெங்காயமில்லாமல் இடித்த சம்பலோடு பிட்டுச் சாப்பிட்டேன். இரவு வயிறு அமைதியாக இருந்தது. ஒரு நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதால் கொப்பியில் குறித்து வருகிறேன். தயிர் விடயத்தை அம்மாவிடம் இன்னும் எடுக்கவில்லை.