ரத்த குரூப் ஒண்ணு, எடையும் ஒண்ணு, அப்புறம் ஏன் அந்த லங்ஸ் வேணாம்னாங்க?

தேனிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்கு 46 வயசு, ஐஎல்டி, நுரையீரல் இறுகி சுருங்கிப்போச்சு, வீட்லயே எந்நேரமும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்தான். சென்னைல ஒரு ஆஸ்பத்திரில ரெண்டு பக்கமும் மாத்தணும்னு லிஸ்ட்ல போட்ருக்காங்க. போன வாரம் ராத்திரி போன் வந்துச்சு, டோனர் இருக்கு எதுவும் சாப்பிடாம வாங்கன்னு. அடிச்சு புடிச்சு போய் அட்மிஷன் போட்டு ரத்தம்லாம் எடுத்தாச்சு, விடியக்காலைல வந்து சைஸ் சரிவரல, வீட்டுக்கு போலாம்னுட்டாங்க. டோனர் ஆம்பள, 170 சென்டிமீட்டர், 58 கிலோன்னு பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. அக்காவும் 58 கிலோதான், ஹைட் மட்டும் 152. ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். மச்சான் என்னடான்னா காசு வாங்கிட்டு வேற யாருக்கோ மாத்தி விட்டுட்டாங்கன்னு கத்திட்டு இருக்காரு. நெஜமாவே சைஸ்னு ஒண்ணு பாப்பாங்களா?

குமார்_79:
கிட்னிக்கெல்லாம் இப்டி பாக்கலியே ப்ரோ, எங்க மாமாவுக்கு அத்தைதான் குடுத்தாங்க, அவர் ஆறடி அத்தை அஞ்சடி கூட இல்ல, நல்லாதான் இருக்காரு.

நைட்ஷிஃப்ட்:
குமார் சார், கிட்னியை அடிவயித்துல வைப்பாங்க, அங்க இடம் இருக்கு, கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் தாங்கும். நுரையீரல் போற இடம் விலா எலும்புக் கூடு, அது இழுத்த இழுப்புக்கு வராது.

தேனிக்காரன் சார், நான் ஐசியூல வேலை பாக்கறவ, லங் டிரான்ஸ்பிளான்ட் கேஸ் பாத்திருக்கேன். எடையை விடுங்க, உடம்பு பெருத்தா நுரையீரல் சேந்து பெருக்காது. பாக்கறது உயரமும் ஆணா பெண்ணாங்கறதும்தான், அதை வச்சு டிஎல்சி, அதாவது மூச்சை முழுசா இழுத்தா எவ்ளோ காத்து புடிக்கும்னு ஒரு கணக்கு போடுவாங்க. ஆம்பளைன்னா உயரத்தை மீட்டர்ல எடுத்து 7.99 ஆல பெருக்கி 7.08 கழிக்கணும், பொம்பளைன்னா 6.60 ஆல பெருக்கி 5.79 கழிக்கணும். உங்க கேஸ்ல போட்டு பாருங்க, டோனருக்கு 6.5 லிட்டர், அக்காவுக்கு 4.24. வகுத்தா 1.53, அதாவது பாதிக்கு மேல பெருசு. பொதுவா 0.75ல இருந்து 1.25 வரைக்கும் பரவால்லம்பாங்க, அதுலயும் ஒண்ணை ஒட்டி இருந்தா நிம்மதி. ஒரே உயரம்னாலும் ஆம்பளைக்கு பெருசாத்தான் இருக்கும், 152 சென்டிமீட்டர் ஆம்பளை டோனரா வந்திருந்தாகூட 1.19 வந்திருக்கும். அதே 158 சென்டிமீட்டர்ல ஒரு லேடி டோனர்னா 1.09 தான், அது அக்காவுக்கு தோதா இருக்கும். இந்த ஃபார்முலா வெள்ளக்காரங்களை அளந்து போட்டது, நம்ம ஆளுங்களுக்கு நெஜத்துல கம்மியாத்தான் இருக்கும், ஆனா டோனரும் நம்ம ஆளு வாங்கறவரும் நம்ம ஆளுன்னா வகுக்கும்போது அந்த வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுரும்.

பெருசை திணிச்சா என்ன ஆகும்னா, நெஞ்சை மூடும்போது ஹார்ட் அமுங்கும், பிபி எறங்கும், அதனால மூடாம மேல ஷீட் மட்டும் ஒட்டி ஐசியூவுக்கு அனுப்பி வீக்கம் வத்துனப்புறம் மறுபடி தியேட்டர் கொண்டு போய் மூடுவாங்க, அப்படி திறந்த நெஞ்சோட வந்த பேஷன்ட்டை பாத்தவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ ரிஸ்க்குன்னு. விரிய எடம் இல்லாம நுரையீரல் மடங்கிக் கெடந்தா சளி தேங்கி நிமோனியா வேற. இதுல காசு விஷயம் எதுவும் தெரியல எனக்கு, மச்சான்கிட்ட சொல்லுங்க. ஒண்ணு கேக்கணும், அக்கா ரிப்போர்ட்ல டிஎல்சி எவ்ளோ போட்ருக்கு?

தேனிக்காரன்:
2.3 லிட்டர்னு இருக்கு மேடம்.

நைட்ஷிஃப்ட்:
அப்போ கணக்குல வர்ற 4.24க்கு பாதிக்கு கொஞ்சம் மேல. ஐஎல்டில நுரையீரல் சுருங்க சுருங்க உதரவிதானம் மேல ஏறிரும், கூடும் ஒடுங்கிரும், அதான் அவங்களுக்கு ஃபார்முலாவோட நிக்காம எக்ஸ்ரே, சிடி ஸ்கேன்ல நெஞ்சுக்குள்ள எடம் எவ்ளோன்னும் பாப்பாங்க. புதுசு வச்சப்புறம் உதரவிதானம் மெல்ல கொஞ்சம் எறங்கி குடுக்கும்தான், ஆனா ஆபரேஷன் அன்னிக்கு இருக்கற எடம்தான் எடம்.

மூச்சுக்காத்து:
எனக்கு நேர் எதிர் கதை. எம்ஃபிசிமா, அதாவது நுரையீரல் காத்தறைங்க உடைஞ்சு உப்பிப் போற வியாதி, பழைய பீடி புண்ணியம், நெஞ்சு பீப்பா மாதிரி உப்பிப் போய் கெடந்துச்சு. எனக்கு வந்த டோனர் என்னைவிட உயரம், டாக்டர் அதெல்லாம் உங்களுக்கு எடம் தாராளமா இருக்குன்னு சிரிச்சிட்டே வச்சிட்டாரு. இப்ப மாடிப்படி ஏறறேன். ஆக ஒரே லங்ஸ், ஒருத்தருக்கு ஒத்து வராதது இன்னொருத்தருக்கு ஒத்து வரும், உங்க அக்காவுக்கு வந்தது இந்நேரம் என்னை மாதிரி எவனுக்காச்சும் போயிருக்கலாம். வயித்தெரிச்சல் படாதீங்க தம்பி.

ஹூஸ்டன்_ஆர்டி:
நான் இங்க ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். பெருசு மட்டும் இல்ல, ரொம்ப சின்னதும் தொல்லைதான். உடம்பு ரத்தம் மொத்தமும் அந்த சின்ன நுரையீரல் வழியா போகணும், அதனால மாத்துன மொத மூணு நாளுக்குள்ள வர்ற கோளாறு இருக்கே, பிஜிடிம்பாங்க, அது சின்ன சைஸ்ல கூடுதலா வருது. வென்டிலேட்டர்ல பேஷன்ட் உயரத்தை பாத்து காத்து செட் பண்ணா சின்ன லங்ஸ் உப்பி அடிபடும், அதனால நாங்க டோனர் உயரத்தையும் கேட்டு எழுதி வச்சுக்குவோம்.

குள்ளமான பொம்பளைங்க லங்ஸுக்காக மத்தவங்களைவிட அதிக நாள் காத்திருக்காங்க, இது தெரிஞ்ச விஷயம்தான். அமெரிக்கால 2023 மார்ச்ல, லங்ஸ் யாருக்கு மொதல்லன்னு முடிவு பண்ண வந்த பாயின்ட் சிஸ்டத்துல உயரத்துக்குன்னே தனியா பாயின்ட் வச்சது அதுக்காகத்தான்.

தேனிக்காரன்:
மேடம், சார், ரொம்ப நன்றி. பெருசா இருந்தா வெட்டி சின்னதாக்க முடியாதா? யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு.

நைட்ஷிஃப்ட்:
முடியும். வலது பக்கம் நடு மடல், இடது பக்கம் லிங்குலா, அதாவது மேல் மடல்ல நாக்கு மாதிரி இருக்கற பகுதி, இதை ஸ்டேப்ளர் போட்டு எடுத்துருவாங்க, அதுக்கு மேல வித்தியாசம்னா ஒரு மடலை மட்டும் வைக்கறதும் உண்டு, ஜப்பான்ல கியோட்டோல உயிரோட இருக்கற சொந்தக்காரங்ககிட்ட ஆளுக்கு ஒரு மடல் எடுத்தே வைக்கறாங்க. ஆனா வெட்டுன எடத்துல காத்து கசியலாம், ஆபரேஷன் நேரமும் நீளும், எடுத்த நுரையீரலோ ரொம்ப நேரம் ஐஸ்ல இருக்கக்கூடாது. எல்லா டீமும் செய்ய மாட்டாங்க. அடுத்த ஓபி போறப்ப ரெண்டு விஷயம் கேளுங்க, நீங்க டவுன்சைஸ் பண்ணுவீங்களா, அக்காவுக்கு எந்த உயரம் வரைக்கும் டோனர் எடுத்துக்குவீங்கன்னு. கடைசி சிடி பழசுன்னா புதுசு எடுக்கணுமான்னும் கேட்டுருங்க, ஐஎல்டி இன்னும் சுருங்கிட்டே போகும்.

தேனிக்காரன்:
சிடி தீபாவளிக்கு முன்னாடி எடுத்தது மேடம், கேக்கறேன். மச்சானுக்கு இந்த கணக்கை போட்டு காட்டுனேன், கால்குலேட்டர்ல அவரே ரெண்டு தடவ அடிச்சு பாத்துட்டு இப்ப அவர் உயரத்துக்கு எவ்ளோ வருதுன்னு பாத்துட்டு இருக்காரு.