கோவையிலிருந்து சிட்னி: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எழுபதைக் கடந்த என் பெற்றோர், தங்கையின் பேறுகாலத்துக்குத் துணையாக வரும் ஐப்பசியில் சிட்னிக்குச் செல்ல இருக்கிறார்கள். அபுதாபி வழியாகச் சென்றால் பயணச்சீட்டு மலிவு என்று முகவர் கூறுகிறார். சிங்கப்பூர் வழியே நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இவ்விரண்டுக்கும் தொலைவிலும் நேரத்திலும் எவ்வளவு வேறுபாடு? அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நெடுநேரம் உட்கார இயலாது.

பதில் (குன்னூர்)

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் கோவைக்கும் சிட்னிக்கும் இடையே மிகக் குறுகிய தொலைவு சுமார் 9,270 கி.மீ. நேரடி விமானம் இல்லாததால் எங்கேனும் மாறியே ஆக வேண்டும். கோவையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,160 கி.மீ., அங்கிருந்து சிட்னி சுமார் 6,290 கி.மீ.; சிங்கப்பூர் ஏறக்குறைய வழியிலேயே அமைந்திருப்பதால், அங்கு இறங்கி ஏறுவதால் கூடுவது 180 கி.மீ. மட்டுமே. அபுதாபி வழியிலோ முதலில் மேற்கே 2,800 கி.மீ. பறந்துவிட்டு, பிறகு இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கே 12,000 கி.மீ.க்கு மேல் வர வேண்டும். வானில் கழியும் நேரம் முதல் வழியில் சுமார் பன்னிரண்டரை மணி, இரண்டாவதில் சுமார் 18 மணி. அதிலும் அபுதாபியிலிருந்து சிட்னி வரை ஏறத்தாழ 14 மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் அம்மாவை எண்ணும்போது எனக்குக் கவலை தருகிறது. எவ்வளவு மலிவானாலும் அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

பதில் (உதகை)

அக்டோபர் முதல் ஞாயிறன்று சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவார்கள். ஆகவே ஐப்பசியில் அந்நகரம் நமக்கு ஐந்தரை மணி முந்தி இருக்கும். சான்றாக, கோவையில் இரவு 10.30க்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் மூன்று மணி நேரம் காத்திருந்தால், மறுநாள் இரவு 7.30 அளவில் சிட்னியில் இறங்கலாம். நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 2 மணி. திரும்பும்போது மேலைக் காற்று எதிர்ப்பதால் சிட்னி–சிங்கப்பூர் பயணம் சற்றுக் கூடுதலாகும். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் சோதனை மிகக் கடுமையானது. வர்க்கியோ தேயிலையோ கொண்டு சென்றால் வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். அதற்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.

பதில் (மேட்டுப்பாளையம்)

மலைப்பாதையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து இங்கு வர 33 கி.மீ., பின்னர் பீளமேடு விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வழக்கமாக இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ குன்னூர், பர்லியாறு வழியாகச் சுற்றி வர நேரும். எனவே இரவு விமானமானாலும் நண்பகலிலேயே மலையிறங்கிவிடுவது நல்லது. இரு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்து, பெட்டிகள் நேராகச் சிட்னிக்கே அனுப்பப்படுமா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்தனிச் சீட்டானால் சிங்கப்பூரில் குடிநுழைவைக் கடந்து பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.