சேர்க்கை மகனை மாற்றுகிறதா, மகன் சேர்க்கையைத் தேடிக்கொள்கிறானா?

கேள்வி (ஒரு தாய்):
என் மகனுக்கு 14 வயது. ஓராண்டாக அவனுடைய பேச்சும் உடையும் தலைமுடியும், எந்தப் பாடம் பிடிக்கவில்லை என்பதுகூட, அவனோடு சுற்றும் மூன்று பையன்களைப் போலவே ஆகிவிட்டன. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை. ஆனால் படிப்பில் அக்கறை குறைவு, பெரியவர்களைக் கிண்டல் செய்வதில் ஆர்வம் அதிகம். அந்த நட்பைத் துண்டித்துவிட வேண்டும் என்கிறார் கணவர். சேர்க்கைதான் அவனை மாற்றுகிறதா, அல்லது தனக்கேற்ற கூட்டத்தை அவனே தேடிக்கொண்டானா?

மறுமொழி 1 (பள்ளி உளவியல் ஆலோசகர்):
இரண்டும் நடக்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் டெனிஸ் காண்டல் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் நட்பைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டார். இடையில் நண்பர்களானவர்கள் நட்புக்கு முன்பே ஓரளவு ஒத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்களிடம் அந்த ஒற்றுமை குறைவாகவே இருந்தது. நட்பு நீடித்தவர்களோ ஆண்டு முடிவில் மேலும் ஒத்துப்போயிருந்தார்கள். ஆகவே, சேர்க்கை கெடுத்துவிட்டது என்னும் பெற்றோர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். (அந்த மூன்று வீடுகளிலும் உங்கள் மகனைப் பற்றி இதே பேச்சு நடக்கக்கூடும்.)

மறுமொழி 2 (ஆசிரியர்):
யாரோடு சேர்கிறான் என்பதைப் போலவே, யார் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுக்கிறான் என்பதும் முக்கியம். 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாகவும் சிலர் சம வயதினர் உடனிருக்கவும் ஆடினார்கள். கூட்டாளிகள் உடனிருந்தபோது துணிச்சல் கூடியது. அந்த வேறுபாடு 24 வயதைக் கடந்தவர்களைவிட 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களிடம் அதிகமாக இருந்தது. தனியே இருக்கும்போது நிதானமாகப் பேசும் மாணவன் நண்பர்கள் முன்னிலையில் வேறொருவனாக நடந்துகொள்வதை வகுப்பறையில் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். அதை வேடம் என்று நான் கருதவில்லை. விட்டுக்கொடுப்பதையும், சண்டையிட்டபின் சமாதானமாவதையும், தன் கருத்தை ஒருவர் மறுக்கும்போது அதற்காக வாதாடுவதையும் சமமானவர்களிடமிருந்துதான் பிள்ளை கற்கிறான். வீட்டில் பெற்றோர் சொல்லே இறுதி என்பதால் அந்தப் பயிற்சி அங்கே முழுமையாகக் கிடைப்பதில்லை.

மறுமொழி 3 (ஒரு தந்தை):
ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் குழுவிலும் இத்தகைய நல்ல பயிற்சியே நடக்கிறது என்று எண்ணிவிட முடியாது. தாமஸ் டிஷனும் அவருடைய குழுவினரும் 1990-களில் பதின்ம வயதுச் சிறுவர்களின் உரையாடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். விதிமீறலைப் பற்றிய பேச்சுக்கு நண்பர்களிடமிருந்து சிரிப்பு கிடைத்த இணைகளில், பின்னாளில் அத்தகைய நடத்தை கூடியது. அங்கே யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, சிரித்தார்கள், அவ்வளவுதான். எனவே அந்த நால்வரும் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பதும், திருடியதைச் சொல்லிச் சிரிப்பதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. திருட்டு, போதை போன்ற பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. நட்பைத் தடைசெய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 4 (பள்ளி உளவியல் ஆலோசகர்):
தடைசெய்தால் நட்பு பெரும்பாலும் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குப் போகும். அவன் உங்களிடம் சொல்வது குறையும். சகாக்களின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் திறன் 14 முதல் 18 வயதுக்குள்தான் சீராக வளர்கிறது என்று ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007-இல் எழுதினார்கள். உங்கள் மகன் அந்த வளர்ச்சியின் தொடக்கத்தில்தான் இருக்கிறான். அந்த மூவரையும் வீட்டுக்கு வரவழையுங்கள். விளையாட்டோ இசையோ, வேறொரு குழுவிலும் அவனுக்கு இடம் கிடைக்க வழிசெய்யுங்கள். மதிப்பு கிடைக்கும் இடம் இரண்டானால் ஒன்றை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் குறையும். ஆபத்தான செயலில் ஈடுபடுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே உங்கள் கணவர் சொல்லும் வழியை நான் ஆதரிப்பேன். அப்போதும் காரணத்தை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.